படுக்கையருகே வந்த கணினி

மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பற்றிய தகவல்களில் பெரும்பகுதி அவருடைய படுக்கையருகிலேயே பிறக்கிறது. நாடித்துடிப்பு, மூச்சு வேகம், உடல் வெப்பம், இரத்த அழுத்தம், வெளியேறிய சிறுநீரின் அளவு, கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் ஆகிய அனைத்தையும் முதலில் அறிபவர் செவிலியர். ஆனால் அந்தத் தகவல்கள் சேர்த்து வைக்கப்பட்ட இடம் நெடுங்காலமாக வார்டின் ஒரு முனையிலுள்ள செவிலியர் மேசையும், அதன்மேல் அடுக்கிய பதிவேடுகளும் கேஸ் ஷீட்டுகளுமாகவே இருந்தது. படுக்கைக்கும் மேசைக்கும் இடைப்பட்ட தொலைவை அந்த எண்கள் செவிலியரின் நினைவிலோ, உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிய குறிப்பிலோ, மருந்துப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டைத் துண்டிலோ கடக்க வேண்டியிருந்தது; வழியில் இன்னொரு நோயாளி கூப்பிட்டால் ஓர் எண் மறந்துபோவதும், இருவருடைய எண்கள் இடம் மாறிப் பதிவாவதும் இயல்பாக நடந்தன.

கைக்கணினி, திறன்பேசி, கையடக்க ஸ்கேனர் போன்ற கருவிகள் செவிலியர் பணிக்குள் நுழைந்ததன் பயன், இந்தத் தொலைவை அவை எவ்வளவு குறைத்தன என்பதைக் கொண்டே அளக்கப்பட வேண்டும். நினைவில் வைத்துக்கொள்ளும் சுமையையும் கூட்டல் பெருக்கலையும் அவை ஏற்றுக்கொள்கின்றன; நோயாளியின் முகத்தைப் பார்ப்பதையும், மூச்சை எண்ணுவதையும், எண்ணிக் கிடைத்ததை ஐயுறுவதையும் அவை ஏற்றுக்கொள்வதில்லை. செவிலியரின் கவனத்தைப் படுக்கையருகே நிறுத்தி வைத்த கருவிகள் உயிர்களைக் காத்துள்ளன என்பதற்கும், கவனத்தைத் தம்மிடமே இழுத்துக்கொண்ட கருவிகள் ஒரு பிழையை நீக்கி மற்றொன்றை உண்டாக்கின என்பதற்கும் கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகளில் சான்றுகள் உள்ளன.

சட்டைப்பையில் வைக்கக்கூடிய கணினி பரவலானது 1996-இல் பாம் நிறுவனத்தின் பைலட் கருவி வந்த பிறகுதான். அதற்கு மூன்றாண்டுகள் முன்பே ஆப்பிள் நிறுவனம் நியூட்டன் என்ற கருவியை வெளியிட்டிருந்தபோதும், அதன் பருமனும் விலையும் அதைப் பலரிடம் கொண்டுசேர்க்கவில்லை. பைலட்டை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருப்பெறும் முன்பே அந்த அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டங்களில் அதை எடுத்துக் குறிப்பெழுதுவதுபோலப் பாவித்துப் பார்த்தார் என்பது கணினி வரலாற்றில் நன்கு பதிவான செய்தி. கருவி எங்கே இருக்கும், எப்போது கை அதைத் தேடும் என்பதிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கிய அந்த அணுகுமுறை பின்னாளில் பல மருத்துவமனை மென்பொருள்களுக்கு வாய்க்கவில்லை. பைலட்டின் தொடக்க வகைக்கு இருந்த நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. இன்றைய திறன்பேசி எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட அதில் வைக்க இயலாது. ஆயினும் எழுத்துகளாலான மருந்துக் கையேட்டுக்கு, அடுத்தடுத்த வகைகளின் நினைவகம் போதுமானதாக இருந்தது. 1999-இல் எபோக்ரட்டீஸ் என்ற மருந்துத் தகவல் மென்பொருள் பாம் கருவிகளுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கச் செவிலியர் கல்லூரிகள் சிலவற்றில் மாணவர்கள் பயிற்சிக்குப் போகும்போது கைக்கணினியைக் கட்டாயம் எடுத்துச்செல்ல வேண்டும் என்ற நடைமுறையும் தோன்றியது.

ஒரு மாணவிக்கு இதனால் என்ன மாறியது என்பதை டிகாக்சின் என்ற இதய மருந்தைக் கொண்டு விளக்கலாம். இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் இம்மருந்தைக் கொடுக்கும் முன், இதய முனையில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும் என்பதும், வயதுவந்தவருக்கு அது 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் எல்லாப் பாடநூல்களிலும் உள்ள விதி. பாடநூல் விடுதி அறையில் இருக்கும். மருந்துத் தட்டு மாணவியின் கையில் இருக்கும். விதி தேவைப்படும் அந்த நிமிடத்தில் அதைக் கண்முன் கொண்டுவருவதே கைக்கணினி செய்த வேலை. இந்த வசதிக்கு ஒரு நிபந்தனையும் உண்டு: கருவியில் சேமித்த நகல் எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்பதைப் பயன்படுத்துபவர் பார்த்தாக வேண்டும், ஏனெனில் அச்சு நூலின் பழமையை அதன் தாள் காட்டிக்கொடுத்துவிடும், திரையில் பழைய தகவலும் புதிய தகவலும் ஒரே பளபளப்புடன் தோன்றும்.

மருந்தளவுக் கணக்கில் கருவியின் பயனும் வரம்பும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. இரத்த அழுத்தம் தாழ்ந்த நோயாளிக்கு டோபமின் மருந்தை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் வீதம் செலுத்துமாறு மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம். நோயாளியின் எடை 60 கிலோ. 50 மில்லிலிட்டர் சிரிஞ்சில் 200 மில்லிகிராம் மருந்து கலக்கப்பட்டுள்ளது. ஒரு மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குத் தேவைப்படுவது 5, 60, 60 ஆகியவற்றின் பெருக்கலான 18,000 மைக்ரோகிராம். ஆகவே சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 4.5 மில்லிலிட்டர் என்று அமைக்க வேண்டும். இந்தச் சிறிய கணக்கில் மைக்ரோவுக்கும் மில்லிக்கும் இடையிலான ஆயிரம் மடங்கு வேறுபாடும், நிமிடத்தை மணியாக்கும் அறுபதும், பத்து மடங்கு பிழைக்கு வழிவிடும் ஒரு தசமப் புள்ளியும் ஒளிந்திருப்பதால், இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில் இதைத் தாளில் போடுவதைவிடக் கருவியில் போடுவது பாதுகாப்பானது. எனினும் அதே நோயாளியின் எடையை அமெரிக்க வழக்கப்படி 132 பவுண்டு என்று எழுதிவைத்திருக்க, அதைக் கிலோ என்று எண்ணி உள்ளிட்டால், கருவி தயக்கமின்றி 9.9 மில்லிலிட்டர் என்று விடை தரும். அந்த எண் தவறு என்பதை உணர, எதிரே படுத்திருப்பவர் 132 கிலோ எடையுள்ளவரா என்று ஒருமுறை பார்த்தால் போதும். அந்தப் பார்வை செவிலியருடையது. ஆகவே கணக்கைக் கையால் போடக் கற்ற பிறகே கருவியைப் பயன்படுத்த வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது பழமைப் பற்று ஆகாது. ஏறத்தாழ எந்த அளவு வர வேண்டும் என்ற மதிப்பீடு மனத்தில் இல்லாதவருக்குத் திரையில் தோன்றும் எந்த எண்ணும் சரியாகவே தெரியும்.

நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் கையடக்கக் கருவிகள் செய்த பணி, பொதுமக்களுக்கு அதிகம் தெரியாதது. வார்டில் இருக்கும் ஒருவருக்கு இதயம் நின்றுபோவது திடீரென்று நடப்பதுபோலத் தோன்றினாலும், பல நேரங்களில் அதற்குச் சில மணி நேரம் முன்பே மூச்சு வேகம் கூடத் தொடங்குகிறது, நாடி ஏறுகிறது, இரத்த அழுத்தம் மெல்லச் சரிகிறது. ஒவ்வொன்றும் சிறிய மாற்றமே என்பதால் தனித்தனியே பார்ப்பவரை அது எச்சரிப்பதில்லை. இவற்றை ஒன்றுசேர்த்து மதிப்பெண் ஆக்கும் முறைக்கு முன்னெச்சரிக்கை மதிப்பெண் என்று பெயர். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய நியூஸ் என்னும் அளவுகோல் அவற்றுள் பரவலாகப் பயன்படுவது. மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு, வெளியிலிருந்து ஆக்சிஜன் தரப்படுகிறதா என்பது, மேல் இரத்த அழுத்தம், நாடி, விழிப்புநிலை, உடல் வெப்பம் ஆகிய ஏழுக்கும், இயல்பிலிருந்து விலகும் அளவுக்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவர் விரைந்து பார்க்க வேண்டும், 7 ஆனால் அது அவசரநிலை.

ஒரு நோயாளி நிமிடத்துக்கு 22 முறை மூச்சு விடுகிறார், ஆக்சிஜன் செறிவு 94 விழுக்காடு, மேல் இரத்த அழுத்தம் 105, நாடி 112, வெப்பம் 38.3 டிகிரி செல்சியஸ், தெளிவாகப் பேசுகிறார், ஆக்சிஜன் ஏதும் தரப்படவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்களில் ஒன்றையாவது கேட்டுப் பதறி ஓடும் அனுபவசாலிகள் குறைவு. கொஞ்சம் காய்ச்சல், கொஞ்சம் படபடப்பு என்றே தோன்றும். ஆனால் அளவுகோலின்படி இவற்றுக்கு முறையே 2, 1, 1, 2, 1 என மதிப்பெண் விழுந்து கூட்டுத்தொகை 7 ஆகிறது. உடலெங்கும் பரவும் தொற்றின் தொடக்கம் பெரும்பாலும் இப்படித்தான் அடக்கமாக இருக்கும். தாளில் இந்த மதிப்பெண்ணைக் கணக்கிடும்போது கூட்டல் பிழைகள் நேர்கின்றன, நெருக்கடியான பணி நேரத்தில் கணக்கிடுதலே விடுபட்டும் போகிறது. கையடக்கக் கருவியிலோ எண்களை உள்ளிட்ட உடனே கூட்டுத்தொகையும், செய்ய வேண்டிய அடுத்த செயலும், மறுமுறை எப்போது அளக்க வேண்டும் என்பதும் திரையில் வந்துவிடுகின்றன.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மத் நகரின் குயின் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் செவிலியர்கள் கைக்கணினியைக் கொண்டு படுக்கையருகிலேயே இந்த அளவீடுகளைப் பதிவு செய்யும் வைட்டல்பேக் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது; கோவென்ட்ரி மருத்துவமனையும் அதைப் பின்பற்றியது. 2015-இல் வெளியான ஆய்வின்படி, அந்த ஏற்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுகையில் இறப்பு விகிதம் போர்ட்ஸ்மத்தில் 7.75 விழுக்காட்டிலிருந்து 6.42 ஆகவும், கோவென்ட்ரியில் 7.57-இலிருந்து 6.15 ஆகவும் குறைந்திருந்தது. முன்-பின் ஒப்பீடு என்பதால் அதே காலத்தில் நிகழ்ந்த பிற மேம்பாடுகளின் பங்கை இதிலிருந்து முழுமையாகப் பிரித்தறிய முடியாது. ஆயினும் இரு வேறு நகரங்களில் ஒரே திசையில் நிகழ்ந்த மாற்றம் என்பதால் எளிதில் ஒதுக்கவும் முடியாது. இந்த ஏற்பாட்டின் ஆணிவேர் மூச்சை எண்ணுவதில் இருக்கிறது. நாடியையும் அழுத்தத்தையும் ஆக்சிஜனையும் இயந்திரங்கள் அளந்துவிட, மூச்சு வேகத்தைப் பல வார்டுகளில் இன்றும் செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எண்ணுகிறார். அவ்வாறு எண்ணாமல் 18 என்றோ 20 என்றோ வழக்கமான எண்ணை இட்டுவிடும் பழக்கம் உலகின் பல மருத்துவமனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. மேற்கண்ட நோயாளியின் மூச்சை எண்ணாமல் 18 என்று உள்ளிட்டிருந்தால் கூட்டுத்தொகை 5 ஆகி, அவசரநிலை திரையில் தோன்றாமலே போயிருக்கும்.

மருந்து கொடுக்கும் கட்டத்தில் நிகழும் பிழையைத் தடுக்கக் கையடக்க ஸ்கேனரைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் ஒரு செவிலியரிடமிருந்தே வந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் டொபீகா நகரிலுள்ள முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக், 1992-இல் ஒரு பயணத்தின்போது வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்தார். நிறுவன ஊழியர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோடைப் படித்துக் கணக்கை முடித்ததைக் கண்டு, காருக்குச் செய்வதை நோயாளிக்கும் மருந்துக்கும் செய்ய முடியாதா என்று கேட்டார். அந்த மருத்துவமனையிலேயே உருவாக்கிச் சோதிக்கப்பட்ட முறை அந்தப் பத்தாண்டின் முடிவில் படைவீரர் மருத்துவமனைகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையிலுள்ள குறியீட்டையும் மருந்தின்மேல் உள்ள குறியீட்டையும் ஸ்கேனர் படிக்க, சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று செவிலியர் கல்வியில் முதலாண்டிலேயே கற்பிக்கப்படும் ஐந்து சரிபார்ப்புகளையும் கணினி மருத்துவரின் ஆணையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

ஸ்கேனர் எழுத்தைப் படிப்பதில்லை, ஒளியைப் படிக்கிறது. அது பாய்ச்சும் ஒளியைக் கறுப்புப் பட்டைகள் உறிஞ்ச, வெள்ளை இடைவெளிகள் திருப்பியனுப்புகின்றன. திரும்பும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை ஒளியுணரி மின்னழுத்த மாற்றமாக்க, பட்டைகளின் அகல விகிதங்களிலிருந்து எண்கள் மீட்கப்படுகின்றன. கடைகளில் காணும் 13 இலக்கக் குறியீட்டில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஒற்றைப்படை இடங்களிலுள்ள இலக்கங்களை அப்படியே கூட்டி, இரட்டைப்படை இடங்களிலுள்ளவற்றை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் மொத்தம் பத்தின் மடங்காக அமையும்படி அந்தக் கடைசி இலக்கம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஏதேனும் ஓர் இலக்கம் தவறாகப் படிக்கப்பட்டால் மொத்தம் பத்தின் மடங்காக இருக்க வழியே இல்லை என்பதால், கருவி தவறான எண்ணை ஏற்பதற்குப் பதிலாகப் படிக்க மறுக்கிறது. நீளப் பட்டைகள் குழந்தையின் மெல்லிய மணிக்கட்டைச் சுற்றி வளையும்போது பாதி மறைந்துபோகும் என்பதாலும், சிறு ஆம்பியூலின் கண்ணாடியில் அவற்றுக்கு இடமில்லை என்பதாலும், கட்டங்களாலான இருபரிமாணக் குறியீடுகள் மருத்துவத்தில் இடம்பிடித்தன. 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கிய கியூஆர் குறியீட்டில், 1960-இல் ரீடும் சாலமனும் வகுத்த பிழைதிருத்தக் கணிதம் அமைந்துள்ளது. அதன் உயர்நிலை அமைப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்துபோனாலும் செய்தியை முழுமையாக மீட்டுவிட முடியும். மருந்துக் கறை படிவதும் ஸ்பிரிட்டால் துடைப்பதும் அன்றாடமான ஓரிடத்துக்கு இந்தக் கணிதம் பெரும் உதவி.

பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, 14,041 முறை மருந்து கொடுக்கப்படுவதை நேரில் கவனித்தது. நேரப் பிழைகள் நீங்கலான பிற பிழைகள், ஸ்கேனர் இல்லாத வார்டுகளில் 11.5 விழுக்காடாகவும் உள்ள வார்டுகளில் 6.8 விழுக்காடாகவும் இருந்தன. தீங்கு விளைவிக்கக்கூடிய பிழைகள் 3.1-இலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தன. மருத்துவர் எழுதியதை மருந்துத் தாளில் பெயர்த்தெழுதும்போது நேரும் பிழைகள் 6.1 விழுக்காடாக இருந்த நிலை மாறி முற்றிலும் மறைந்தன, ஏனெனில் மின்னணு ஆணை நேராகப் படுக்கையருகே வந்தபின் பெயர்த்தெழுதும் வேலையே இல்லாமல்போனது.

இந்த வெற்றிக்கு நிழலாக இன்னோர் ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரோஸ் காப்பெல் குழுவினர் ஐந்து மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரை, ஸ்கேனரைச் சுற்றிக்கொண்டு போகச் செவிலியர்கள் கண்டுபிடித்திருந்த 15 வகைக் குறுக்குவழிகளையும், அவற்றுக்கான 31 வகைக் காரணங்களையும் பதிவு செய்தது. மணிக்கட்டுப் பட்டையின் நகலைக் கூடுதலாக அச்சிட்டு வேறிடத்தில் வைத்துக்கொள்வது, பலருடைய மருந்துகளை முன்பே ஸ்கேன் செய்து ஒரே தட்டில் எடுத்துப்போவது ஆகியன அவற்றுள் சில. மின்தரவுகளைப் பார்த்தபோது, கொடுக்கப்பட்ட மருந்துகளில் 10.3 விழுக்காட்டில் எச்சரிக்கை மீறப்பட்டிருந்தது. அந்த 31 காரணங்களைப் படிப்பவருக்குச் செவிலியர்மேல் கோபம் வராது. கசங்கிய குறியீடு, குறியீடே இல்லாத மருந்து, உயிரிழந்த பேட்டரி, அறை மூலையில் அறுந்துபோகும் வைஃபை, தொற்றுத் தனிமை அறைக்குள் எடுத்துப்போக முடியாத கருவி, நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் அவசரம் என்று அவை நீளுகின்றன. வார்டில் பத்துப் பேருக்கு மருந்து காத்திருக்க, படிக்க மறுக்கும் கருவியோடு போராட நேரமில்லாத ஒருவர் எடுக்கும் வழியை ஒழுங்கீனம் என்று நிர்வாகம் பதிவு செய்வது எளிது. பேட்டரியை மாற்றுவதும் நல்ல பட்டையை அச்சிடுவதும்தான் பிழையைக் குறைக்கும்.

இந்தியாவுக்கு இதிலிருந்து ஒரு நேரடிக் கேள்வி எழுகிறது. 2022 நவம்பரில் வெளியான அரசாணைப்படி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 முன்னணி மருந்து வணிகப் பெயர்களின் உறைகளில் பார்கோடோ கியூஆர் குறியீடோ இருக்க வேண்டும். மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், காலாவதித் தேதி முதலியன அதில் அடங்கும்; போலி மருந்தைக் கண்டறிவது அதன் நோக்கம். படுக்கையருகே சரிபார்ப்பதற்கு இது போதாது, ஏனெனில் பத்து மாத்திரை கொண்ட அட்டையிலிருந்து இரண்டை வெட்டிக் கொடுக்கும்போது குறியீடு எஞ்சிய துண்டிலோ வெளிப்பெட்டியிலோ தங்கிவிடும். செவிலியரின் தட்டுக்கு வரும் வேளையளவு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியீட்டைச் சுமந்தால்தான் ஸ்கேனருக்கு வேலை இருக்கும். மருத்துவமனை மருந்தகத்திலேயே வேளைக்கொன்றாகப் பிரித்து அடைத்துக் குறியீடு ஒட்டும் ஏற்பாடு இல்லாமல் கருவிகளை மட்டும் வாங்கிக் குவிப்பது வீண் செலவு.

கைப்பேசிகளை மருத்துவமனைக்குள் அணைத்துவிட வேண்டும் என்ற அறிவிப்புப் பலகைகள் நெடுங்காலம் தொங்கியதற்கும் அறிவியல் காரணம் இருந்தது. இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிகள் நொடிக்கு ஏறத்தாழ 217 துடிப்புகளாக, உச்சத்தில் 2 வாட் வரை ஆற்றலோடு அலைகளை வெளியிட்டன. அந்தத் துடிப்பு அருகிலுள்ள இசிஜி கம்பியிலோ பம்பின் மின்சுற்றிலோ தூண்டல் மின்னோட்டமாகப் புகக்கூடும். 2007-இல் வெளியான இரண்டு ஆய்வுகள் முரண்படுவதுபோலத் தோன்றும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் தீவிர சிகிச்சைக் கருவிகள் 61-ஐச் சோதித்து 26-இல் குறுக்கீட்டைக் கண்டனர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நோயாளி அறைகளில் நடத்திய 300 சோதனைகளில் குறுக்கீடு ஒன்றுகூடத் தென்படவில்லை. தொலைவுதான் இங்கே விடை: நெதர்லாந்துச் சோதனையில் குறுக்கீடு நிகழ்ந்த தொலைவின் இடைநிலை அளவு 3 சென்டிமீட்டர், மேயோவிலோ கைப்பேசிகள் இயல்பாகப் பேசும் நிலையில் பயன்படுத்தப்பட்டன. நான்காம் தலைமுறைக் கருவிகள் வெளியிடும் ஆற்றல் அதைவிடப் பெரிதும் குறைவு என்றாலும், வென்டிலேட்டரின்மேலும் சிரிஞ்ச் பம்பின்மேலும் கைப்பேசியை வைக்கக்கூடாது என்ற விதி மட்டும் இப்போதும் பொருளுள்ளது.

அலைகளைவிடக் கிருமிகளுக்கே இன்று அதிகம் அஞ்ச வேண்டும். துருக்கியில் 200 மருத்துவப் பணியாளர்களின் கைகளையும் கைப்பேசிகளையும் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வில், 94.5 விழுக்காடு கைப்பேசிகளில் பாக்டீரியா காணப்பட்டது. அவற்றுள் பெரும்பகுதி தோலில் இயல்பாக வாழ்பவை, நோய் உண்டாக்கக்கூடியவை அதைவிடக் குறைந்த விகிதத்திலேயே இருந்தன. எண்ணிக்கையைவிட, கிருமி போகும் பாதை முக்கியமானது: புண்ணுக்குக் கட்டுமாற்றிய கை கைப்பேசியைத் தொடுகிறது, பிறகு கை கழுவப்படுகிறது, கழுவிய கை மீண்டும் அதே கைப்பேசியைத் தொட்டு அடுத்த நோயாளியிடம் போகிறது. ஆகவே கைகழுவும் ஒழுங்கோடு கருவியைத் துடைக்கும் ஒழுங்கும் சேர வேண்டும். இதற்கு 70 விழுக்காடு ஆல்கஹால் ஏற்றது. தூய ஆல்கஹாலைவிட நீர் கலந்தது சிறப்பாக வேலை செய்வதற்குக் காரணம், கிருமியின் புரதங்கள் சிதைவதற்கு நீர் தேவைப்படுவதும், நீர் கலந்தது மெதுவாக ஆவியாவதால் பரப்பில் நீண்ட நேரம் தங்குவதுமே.

கவனம் சிதறுவதன் விலையையும் எண்களால் சொல்ல முடிகிறது. சிட்னி நகரின் இரண்டு மருத்துவமனைகளில் 98 செவிலியர்கள் 720 நோயாளிகளுக்கு 4,271 முறை மருந்து கொடுத்ததைக் கவனித்து, ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, மருந்து கொடுக்கும்போது நேரும் குறுக்கீடு ஒவ்வொன்றும் மருத்துவப் பிழைகளை 12.7 விழுக்காடு கூட்டியது என்று கண்டது. குறுக்கீடே இல்லாதபோது 2.3 விழுக்காடாக இருந்த கடும் பிழையின் வாய்ப்பு, நான்கு குறுக்கீடுகள் நேர்ந்தபோது 4.7 ஆக இரட்டித்தது. அந்தக் குறுக்கீடுகள் பல வகையானவை, கைப்பேசியால் மட்டும் நேர்ந்தவை அல்ல. ஆனால் மருந்துக் கையேடும் ஸ்கேனரும் குடும்பத்தாரின் செய்திகளும் ஒரே கருவிக்குள் குடிவந்துவிட்டால், மருந்தைப் பார்க்க எடுத்த கையே குறுக்கீட்டையும் திறந்துவிடுகிறது. எனவே பணிக்கென்று தனிக் கருவியை மருத்துவமனை வழங்குவது வசதிக்கான ஆடம்பரம் என்று கருதத் தக்கதன்று. மாணவர்களிடம் சொந்தக் கைப்பேசியைத் தவிர வேறில்லை என்னும் இடங்களில், மருந்து கலக்கும் மேசையருகே செய்தி அறிவிப்புகளை அணைத்து வைப்பதையாவது பயிற்சியின் பகுதியாக்க வேண்டும்.

நோயாளிக்குத் தெரிவது கருவியின் முதுகுப்புறம் மட்டுமே. செவிலியர் மருந்தின் பக்கவிளைவைத் தேடுகிறாரா, வேறெதையோ பார்க்கிறாரா என்று அவரால் அறிய முடியாது. 'உங்கள் மருந்தைப் பற்றி ஒரு விவரம் பார்க்கிறேன் ஐயா' என்று சொல்லிவிட்டு, முடிந்தால் திரையையும் அவர் பக்கம் திருப்பிக் காட்டும் பழக்கத்தை மாணவர்கள் முதல் நாளிலிருந்தே கற்பது நல்லது. படம் எடுப்பதில் இன்னும் கடுமையான கட்டுப்பாடு தேவை. புண் ஆறும் விதத்தைக் காட்ட எடுத்த ஒரு படம், நாளும் நேரமும் சில நேரங்களில் இடமும் பொதிந்த தரவாகச் சேமிக்கப்பட்டு, தானாகவே தனியார் மேகக் கணிமையகத்துக்கும், ஒரு தட்டலில் வாட்சப் குழுவுக்கும் போய்விடக்கூடும். முகம் தெரியாவிட்டாலும் படுக்கை எண்ணும் பெயர்ப் பட்டையும் ஓரத்தில் விழுந்திருக்கலாம். இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக இசைவின்றித் தரவைக் கையாளுவதற்குப் பண அபராதம் விதிக்க வழிசெய்கிறது. சட்டத்துக்கும் முன்பே, நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பது இத்தொழிலின் உறுதிமொழியில் இருக்கிறது.

மருத்துவமனைக்கு வெளியே, தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியர்களின் பணியில் இந்தக் கேள்விகள் வேறு வடிவம் கொள்கின்றன. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, பரிசோதனைகளையும் தடுப்பூசிகளையும் பிரசவத்தையும் தொடர்ந்து பதியும் பிக்மி ஏற்பாட்டில் ஒவ்வொரு தாய்க்கும் ஓர் எண் தரப்படுகிறது. பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அந்த எண் உடன்வருகிறது. ஒரு தாயின் ஹீமோகுளோபின் 6.8 கிராம் என்று துணை சுகாதார நிலையத்தில் தெரியவந்தால், அது கடும் இரத்தசோகை. அந்த எண் அன்றைக்கே கருவியில் ஏறி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் திரையில் அன்றைக்கே தெரிந்தால், அடுத்த நாள் அந்தத் தாய் மருத்துவமனையில் இருப்பாள். அதே எண் முதலில் பதிவேட்டில் எழுதப்பட்டு, மாதக் கடைசியில் இணைப்பு கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து மொத்தமாக உள்ளிடப்பட்டால், அது புள்ளிவிவர அறிக்கைக்கு மட்டுமே உதவும். தாள் பதிவேடுகளையும் விட்டுவிடாமல் செயலியிலும் ஏற்றச் சொல்லும் இரட்டை வேலை பல இடங்களில் தொடரும்வரை, வீடுவீடாகப் போகும் செவிலியரின் பகற்பொழுது எழுத்திலும் மாலைப்பொழுது உள்ளீட்டிலும் கரையும். எந்தப் பதிவேடுகளைக் கைவிடலாம் என்று எழுத்துமூலம் ஆணையிடுவதும், இணைப்பு இல்லாதபோதும் உள்ளிட்டு வைத்துப் பின்னர் தானே அனுப்பிக்கொள்ளும்படி செயலியை அமைப்பதும், உள்ளிட்ட எண்ணுக்கு மருத்துவரிடமிருந்து பதில் அந்தச் செவிலியரின் கருவிக்கே திரும்பி வரச் செய்வதும் சுகாதாரத் துறையின் கையில் இருக்கும் வேலைகள்.